வியாழக்கிழமை வரை செல்லுபடி

நுணலும் தன் வாயால் கெடும் என்பது என் கணவருக்குத் தெரிந்த ஒரே பழமொழி. அந்த வருடத்துக் கதை வீட்டில் எழும்பும்போதெல்லாம் அதை ஒரு தரம் சொல்லிவிட்டுத்தான் தேநீரைக் கையில் எடுப்பார். நான் ஒத்துக்கொள்வதில்லை. நான் கெட்டது என் வாயால் அல்ல, ஒரு சொல்லால். அந்தச் சொல்லும் என்னுடையது அல்ல, ஜேர்மன்காரருடையது. ஹைமாட். சொந்த ஊர், சொந்த மண் என்று அகராதியில் போட்டிருக்கிறது. அகராதி எழுதினவர் அகதியாக இருந்திருக்கமாட்டார்.

முதலில் என்னிடம் இருந்த புத்தகத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அகதி என்று ஏற்றுக்கொண்டவர்களுக்கு இந்த நாடு ஒரு நீலப் பாஸ்போட் தருகிறது. மேலட்டையின் இடது மூலையில் சரிவாக இரண்டு கறுப்புக் கோடுகள் இருக்கும். உள்ளே என் படம், என் விவரம், பிறகு ஒரு வரி: இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும் செல்லுபடியாகும். மூன்று வருடத்துக்கு. அந்த மூன்று வருடத்துக்குள் நான் உலகத்தின் எந்த மூலைக்குப் போய்விட்டு வந்து கதவைத் தட்டினாலும் ஜேர்மனி திறக்கவேண்டும். அது தயவு இல்லை, என் உரிமை. திகதி முடிந்த மறுநாள் தட்டினால், உள்ளே இருப்பவர்கள் கூடியிருந்து யோசிப்பார்கள். இங்கே வாழலாம் என்று சொல்கிற பிளாஸ்ரிக் அட்டை ஒன்றும் என்னிடம் உண்டு. ஆனால் புத்தகம் செத்துவிட்டால் அந்த அட்டையை வைத்து விமானம் ஏற ஏலாது.

ஏன் இன்னும் ஜேர்மன் பாஸ்போட் எடுக்கவில்லை என்று தயவு செய்து கேட்காதீர்கள். கோயிலில் கேட்காத சனம் இல்லை. பிறப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள். அது இருந்த இரும்புப் பெட்டி இடப்பெயர்வில் போய்விட்டது. இலங்கைத் தூதரகத்தில் போய் எடுத்து வாருங்கள் என்று ஒரு மேசையில் சொல்வார்கள். தூதரகத்துப் படி ஏறினால், அந்த அரசாங்கத்துக்குப் பயந்து ஓடி வந்தவள் எப்படி அங்கே போனாய் என்று அடுத்த மேசையில் கேட்பார்கள். இரண்டு மேசைக்கும் நடுவில் பத்து அடிகூட இருக்காது. எழும்பிப் போய் ஒருவரோடு ஒருவர் கதைத்தால் என்ன, வாய் அழுகிவிடுமா!

நாங்கள் இருப்பது ஹம் நகரத்திலிருந்து வட்டார ரயிலில் இரண்டு தரிப்புத் தள்ளி ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம். நான் அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். அதையும் ஜேர்மன் மொழியில் ஹைம் என்றுதான் சொல்வார்கள். வந்த புதிதில் எங்களை அடைத்து வைத்திருந்த அகதி முகாமும் ஹைம்தான். எங்கள் ஆட்கள் இன்றும் ஆண்டுக் கணக்கை அப்படித்தான் சொல்வார்கள், நான் ஹைமிலை இருக்கேக்கை மூத்தவன் பிறந்தவன் என்று. ஹைமில் இருந்து தொடங்கி ஹைமில் வேலைக்கு வந்தவளை ஹைமாட் கவிழ்த்தது. தலையெழுத்து என்றால் இப்படியா ஒரே எழுத்தில் எழுதுவது?

அம்மா இருந்தது திருச்சியில், என் தங்கையோடு. நான் ஒரு பக்கமாக ஓட, அவர்கள் இருவரும் படகில் இந்தியாவுக்குப் போனார்கள். திருச்சியில் வாடகை வீடு, பொலிஸ் பதிவு, தங்கைக்கு ஒரு தையல் கடையில் வேலை. அம்மாவை இங்கே ஒரு தடவை கூப்பிட்டுக் காட்டவேண்டும் என்று இரண்டு முறை விண்ணப்பித்தேன். இரண்டு முறையும் மறுத்தார்கள். வந்தவர் திரும்பிப் போவாரா என்பது உறுதியில்லையாம். எழுபத்தெட்டு வயது மனுசி, பல்லுக்கட்டை மறந்துவிட்டு வந்தாலே அழுதுகொண்டு திரும்பிப் போகிற ஆள், ஜேர்மனியில் ஒளித்துக்கொண்டு நிற்கப் போகிறாளாம்! சரி, அவ வர ஏலாவிட்டால் நான் போகிறேன் என்று இந்திய விசா எடுத்தேன். அந்த வசந்தத்தில் விசா கிடைத்தது. ஆனால் கையில் இருந்த நீலப் புத்தகம் ஐப்பசியில் முடிகிறது. போகிற நேரத்தில் சிக்கல் வேண்டாம், புதியதை எடுத்துக்கொண்டே போவோம் என்று நல்ல பிள்ளையாக நினைத்தேன். பிள்ளையார் பிடிக்கப் போன கதை அங்கேதான் தொடங்கியது.

இல்லத் தலைவி நல்லவர். விடுமுறைக்குக் கடிதம் கொடுத்தபோது எங்கே போகிறாய் என்று கேட்டார். நான் ஹைமாட்டுக்குப் போகிறேன், அம்மாவைப் பார்க்க என்றேன். அந்த இல்லத்தில் எல்லோரும் சொல்கிற சொல் அது. போலந்துக்காரி ஒவ்வொரு கோடையும் ஹைமாட்டுக்குப் போவாள். துருக்கிக்காரி போவாள். என் மண்டைக்குள் ஓடியது 'ஊருக்குப் போறன்' என்ற தமிழ். நாக்கில் வந்தது ஜேர்மன். அம்மா இருக்கிற இடம் எனக்கு ஊர். அவ திருச்சியில் ஒரு மொட்டை மாடி வீட்டில், பக்கத்து வீட்டுக் கோழிகளைத் திட்டிக்கொண்டு இருந்தாலும் அது ஊர்தான். இதை ஜேர்மன் மொழியில் விளக்கிச் சொல்ல எனக்கு அப்போது தேவை வரவில்லை. தலைவி பாவம், என் அலுவல் கெதியாக முடியட்டும் என்று தன் கைப்பட ஒரு கடிதமும் எழுதித் தந்தார். எங்கள் ஊழியர் சுகமில்லாத தாயைப் பார்க்க ஹைமாட்டுக்குப் பயணம் செய்யவிருக்கிறார், தயவு செய்து ஆவணத்தை விரைவாக வழங்குங்கள் என்று.

அந்தக் கடிதத்தை ஒரு பிளாஸ்ரிக் உறையில் வைத்து, பெருமையாகக் கொண்டுபோய்க் கந்தோரில் கொடுத்தேன். வெளிநாட்டவர் அலுவலகத்தை நாங்கள் கந்தோர் என்போம். அங்கே இருந்த பெண்மணிக்கு என் வயது இருக்கும். வெள்ளைத் தோல் இல்லாதவர்களோடு அவர் ஒவ்வொரு சொல்லாக, இடைவெளி விட்டுக் கதைப்பார். செவிடருக்குச் சொல்வதுபோல. நான் அந்த ஊரில் பதினைந்து வருடமாக ஜேர்மன் கிழவர்களைக் குளிப்பாட்டி, அவர்களின் போர்க்கதை முழுக்கக் கேட்டவள். ஆனாலும் எனக்கு அப்படித்தான்.

"நீங்கள். ஹைமாட்டுக்கு. பயணம். செய்கிறீர்களா?"

"ஆம், ஆம். ஹைமாட். என் அம்மா," என்று நான் சிரித்தேன். மனுசி கனிவாகக் கேட்கிறாள் என்று நினைத்துவிட்டேன். அவர் தட்டச்சு செய்துகொண்டே இருந்தார். எவ்வளவு நீளமாக என் விண்ணப்பத்தைப் பதிகிறார் என்று மனதுக்குள் புகழ்ந்துகொண்டு இருந்தேன், விசரி நான்.

இரண்டு கிழமை கழித்து மஞ்சள் உறையில் கடிதம் வந்தது. மஞ்சள் உறை என்றால் வீட்டில் ஒருவருக்கும் தேநீர் இறங்காது. கணவர் கண்ணாடியைத் தேடி எடுத்து வாசித்தார். நான் பாதுகாப்புத் தேடி வந்த நாட்டுக்கே சுயமாகப் பயணம் செய்ய எண்ணியிருப்பதாகத் தெரிய வந்துள்ளதாம். ஆகவே எனக்கு இனியும் பாதுகாப்புத் தேவையா என்பதை மத்தியில் உள்ள அலுவலகம் ஆராயுமாம். அந்த ஆராய்ச்சி முடியும்வரை புதிய புத்தகம் கிடையாதாம்.

"ஹைமாட் எண்டு சொன்னனியோ?" என்றார் கணவர்.

"ஓம்."

"ஏனப்பா?"

"பின்னை அம்மா இருக்கிற இடத்தை என்னெண்டு சொல்லுறது? சந்திரமண்டலம் எண்டோ?"

அப்போதுதான் முதல் தடவையாக நுணல் வெளியே வந்தது.

அடுத்த நாளே கந்தோருக்குப் போனேன். டெர்மின் இல்லாமல் உள்ளே விடமாட்டோம் என்றார்கள். முன்கூட்டி நேரம் குறிக்காமல் இந்த நாட்டில் சாகவும் ஏலாது. டெர்மின் எடுத்து மூன்று கிழமை கழித்துப் போனேன். அதே பெண்மணி, அதே இடைவெளிகள். நான் ஹைமாட் என்று சொன்னது இலங்கையை இல்லை, இந்தியாவை. அம்மா இந்தியாவில் இருக்கிறார், இதோ விசா, இதோ அம்மாவின் பொலிஸ் பதிவுப் பிரதி என்று எல்லாவற்றையும் மேசையில் பரப்பினேன். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகம் தெளிந்து வந்தது. அப்பாடா, விளங்கிவிட்டது என்று நான் மூச்சு விட்டேன்.

"அப்படியென்றால் உங்கள் சொந்த நாடு இந்தியாவா? நீங்கள் இந்தியரா?"

கடவுளே! கிணறு வெட்டப் பூதம் வெளிக்கிட்டது என்பார்கள். ஹைமாட் இலங்கை என்றால் எனக்குப் பாதுகாப்புத் தேவையில்லை. ஹைமாட் இந்தியா என்றால் நான் இலங்கை அகதியே இல்லை, இவ்வளவு காலமும் பொய் சொன்னவள். எனக்கு ஹைமாட்டே இல்லை என்றேன். அப்படியானால் கடிதத்தில் ஏன் ஹைமாட் என்று இருக்கிறது என்று கேட்டார். நான் எழும்பிவிட்டேன். சத்தம் போடாதீர்கள் என்றார். இது சத்தம் இல்லை, நாங்கள் வீட்டில் உப்புக் கேட்பதே இப்படித்தான் என்றேன். அவர் அதையும் தட்டச்சு செய்தார் என்று நினைக்கிறேன்.

அகதிகளுக்கு இலவசமாக ஆலோசனை சொல்கிற ஒரு இடம் ஹம்மில் இருக்கிறது. அங்கே இருந்த இளம் பெண் எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, அவர்கள் இப்படிச் செய்யக்கூடாது, ஆராய்ச்சி நடந்தாலும் புத்தகம் தரவேண்டும், நாங்கள் எழுதுவோம் என்றாள். எழுதினாள். பதிலுக்கு, கடிதம் கிடைத்தது என்று ஒரு கடிதம் வந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பதை ஜேர்மன் மொழியில் அவளுக்குச் சொல்லிப் பார்த்தேன். பூசாரி என்றால் யார், மேலதிகாரியா என்று கேட்டாள். ஓம் என்றேன்.

புரட்டாசி நடுவில் தங்கை அழைத்தாள். அம்மாவின் இருதயம் களைத்துவிட்டதாம். காலெல்லாம் நீர் கோர்த்து, நடந்தால் மூச்சு வாங்குகிறதாம். ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் சொல் எனக்கு விளங்கும். எங்கள் இல்லத்துக்கும் ஆட்களை அப்படித்தான் அனுப்புவார்கள்.

விசா இன்னும் உயிரோடு இருந்தது. பழைய புத்தகத்துக்கு நான்கு கிழமை ஆயுள் இருந்தது. ஆலோசனைப் பெண்ணிடம் ஓடினேன். அவள் நாட்காட்டியைத் திருப்பி வைத்து ஒரு வியாழக்கிழமையில் விரலை வைத்தாள்.

"இந்த வியாழன் வரைக்கும் உங்களைத் திருப்பி எடுக்கவேண்டியது இவர்கள் கடமை. வெள்ளிக்கிழமை ஆனால் அங்குள்ள தூதரகத்தில் போய் நிற்கவேண்டும். உங்கள் கோப்பு வேறு ஆராய்ச்சியில் கிடக்கிறது. எத்தனை மாதம் ஆகும், வர விடுவார்களா என்று என்னால் சொல்ல முடியாது. போங்கள். ஆனால் வியாழனைத் தாண்டாதீர்கள்."

கணவர் மலிவாக ஒரு ரிக்கெற் கண்டுபிடித்து, வெற்றி வீரனாக வந்து காட்டினார். திருச்சிக்கு நேரே போகலாமாம், நடுவில் இரண்டு மணித்தியாலம் மட்டும் கொழும்பில் நிற்கவேண்டுமாம். நான் அவரைப் பார்த்த பார்வையில் மனுசன் கணினியை மூடிவிட்டார். "நுணல் ஆரெண்டு இப்ப விளங்குதோ?" என்று கேட்டேன். பிறகு வளைகுடா வழியாகச் சென்னைக்குப் பதிவு செய்தோம். திரும்புவது முடிவுத் திகதிக்கு மூன்று நாள் முந்தி, திங்கட்கிழமை.

அம்மா ஒரு பிளாஸ்ரிக் நாற்காலியில், தலையணைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தா. ஆறு வருடத்துக்குப் பிறகு பார்க்கிறேன். கட்டிப்பிடித்து அழவேண்டும் என்று விமானம் முழுக்க நினைத்துக்கொண்டு வந்தவள், வாசலில் நின்று, "ஆரிந்தத் தலையணையை இப்பிடி வைச்சது? மூச்செடுக்க ஏலாதெல்லே!" என்று தங்கைமேல் பாய்ந்தேன். அம்மா சிரித்தா. "வந்திட்டாள், சட்டம்பியார்" என்றா, பள்ளிக்கூட வாத்தியாரைச் சொல்வதுபோல.

அடுத்த நாட்கள் எல்லாம் நல்ல நாட்கள். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். புண் வராமல் பக்கம் மாற்றிப் படுக்க வைப்பது, காலை உயர்த்தி வைப்பது, கரண்டியை எந்தப் பக்கத்தால் கொடுத்தால் புரைக்கேறாது என்பது. பதினைந்து வருடமாக ஊரார் வீட்டு அம்மாக்களில் பழகிய கை, கடைசியில் என் அம்மாவில் பட்டது. அதை நினைக்க இப்போதும் எனக்குச் சந்தோசம்தான். முதுகைத் துடைக்கும்போது, "ஜேர்மன்காரியளுக்கும் இப்பிடித்தான் துடைக்கிறனியோ?" என்று அம்மா கேட்டா. ஓம் என்றேன். "அவளவை குடுத்து வைச்சவளவை," என்று சொல்லிவிட்டு நித்திரையானா.

புத்தகத்தின் கதையை அம்மாவுக்கு மறைக்க எண்ணினேன். தங்கை உளறிவிட்டாள். அம்மா அதை வாங்கித் தன் மடியில் வைத்து, திகதியைத் தடவிப் பார்த்தா.

"வியாழனோடை சரியோ?"

"ஓமம்மா."

"டாக்குத்தர் எனக்கும் கிட்டத்தட்ட உந்தத் திகதிதான் சொன்னவர். பாப்பம், இது முந்துதோ நான் முந்துறனோ எண்டு."

"வாயைக் கழுவுங்கோ!" என்று கத்தினேன். தங்கை எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். அம்மா மட்டும் தன் பகிடிக்குத் தானே சிரித்து, இருமி, திரும்பவும் சிரித்தா.

சனிக்கிழமை டாக்டர் வந்தார். இளம் ஆள், தன்மையான ஆள். "ரெண்டு நாளும் ஆகலாம்மா, ரெண்டு வாரமும் ஆகலாம். ப்ரெடிக்ட் பண்ண முடியாது," என்றார். திங்கட்கிழமை ரிக்கெற்றைப் புதன்கிழமைக்கு மாற்றினேன். அதற்குமேல் மாற்ற இடமில்லை. வியாழக்கிழமை விமானம் ஒன்று தாமதமாகி, வளைகுடாவில் ஒரு இரவு நின்றால் போதும், என் புத்தகம் ஒரு விமான நிலையக் கதிரையில் வைத்தே செத்துப்போகும். கணவரோடு போனில் சண்டை பிடித்தேன். நான் நிற்கிறேன், வருவது வரட்டும், தூதரகத்தில் போய்ப் படுக்கிறேன் என்றேன். அவர் முழுக்கக் கேட்டார். பிறகு, "நீ வராட்டி நானும் ஒருக்கால் ஹைமாட் எண்டு சொல்லிப்போட்டு வாறன்," என்றார். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வெளிக்கிட்டேன். சென்னைக்குப் போய்த்தான் புதன் காலை விமானம் எடுக்கவேண்டும். அம்மாவுக்குக் கஞ்சி பருக்கி, வாயைத் துடைத்து, தலையணையைச் சரிபார்த்து, வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு வழக்கம்போலச் சொன்னேன்.

"போட்டு வாறனம்மா."

எங்கள் சனத்தில் யாரும் 'போறன்' என்று சொல்லி வீட்டை விட்டு இறங்கமாட்டோம். செத்த வீட்டில் மட்டும்தான் சொல்லாமல் போவது. 'போட்டு வாறன்' என்றால் 'ஓம், போட்டு வா' என்று பதில் வரும். ஆயிரம் தரம் சொல்லியிருப்பேன், ஆயிரம் தரமும் அந்தப் பதில்தான்.

"எப்ப?" என்றா அம்மா.

பழைய புத்தகம் வியாழனோடு சரி. புதியது ஆராய்ச்சியில். அது வந்தாலும் திரும்ப விசா. மனுசி எல்லாவற்றையும் கணக்காக விளங்கித்தான் கேட்டா. நான் செருப்போடு உள்ளே போய் அவவின் காலைப் பிடித்தேன். வீங்கின கால், விரல் பட்ட இடம் குழி விழுந்தது. "போ, பஸ் போயிடும்," என்று என் கையைத் தட்டிவிட்டா.

சென்னை விமான நிலையத்தில் பயணப் பதிவு மேசையில் இருந்த தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் விமானக் கம்பனியின் அட்டை. என் நீலப் புத்தகத்தை முன்னும் பின்னும் திருப்பினான்.

"மேடம், இது என்ன டாக்குமென்ட்? பாஸ்போர்ட் எங்க?"

"இதுதான் பாஸ்போட்."

"நேஷனாலிட்டி ஸ்ரீலங்கன்னு போட்டிருக்கு. ஆனா இது ஸ்ரீலங்கன் பாஸ்போர்ட் இல்ல. ஜெர்மன் பாஸ்போர்ட்டும் இல்ல."

"ஓம்."

"நாளைக்கு எக்ஸ்பயர் ஆகுது. சிஸ்டம் ஆறு மாசம் வேலிடிட்டி கேக்குது மேடம்."

"அது போற ஆக்களுக்குத் தம்பி. நான் திரும்பிப் போற ஆள்."

"சொந்த நாட்டுக்குத் திரும்புறவங்கன்னா ஓகே. ஜெர்மனி உங்க சொந்த நாடு இல்லையே."

"சொந்த நாடு இல்லை. ஆனா என்னைத் திருப்பி எடுக்க வேண்டிய நாடு. இந்தா, இதிலை எழுதிக் கிடக்கு, வாசியுங்கோ. இந்த அட்டையையும் பாருங்கோ."

அவன் வாசிக்கவில்லை. மேலாளரைக் கூப்பிட்டான். மேலாளர் இன்னொருவரைக் கூப்பிட்டார். மூன்று பேரும் என் புத்தகத்தைச் சுற்றி நின்று, செத்த பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். என்னை ஒரு ஓரமாக நிற்கச் சொன்னார்கள். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பெட்டியைப் போட்டுவிட்டுப் போனார்கள். மேலாளர் யாருக்கோ போன் எடுத்தார், கிடைக்கவில்லை, திரும்ப எடுத்தார். நாற்பது நிமிடம். அம்மாவோடும் நிற்காமல், ஜேர்மனிக்கும் போகாமல், இரண்டுக்கும் நடுவில் இந்த மேசையடியில் நான் நாறப்போகிறேன் என்று நினைத்தேன்.

"என்னை என்ர ஊருக்குப் போக விடுங்கோ!" என்று கத்தினேன். பக்கத்து மேசைகளில் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"எந்த ஊரு மேடம்?" என்றான் அந்தத் தம்பி, உண்மையாகவே தெரியாமல்.

"ஹம்," என்றேன். "ஹம்முக்குப் பக்கத்திலை."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. கந்தோர்ப் பெண்மணி பக்கத்தில் நின்றிருந்தால் தட்டச்சு செய்து முத்திரையும் குத்தியிருப்பார். அம்மா திருச்சியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டு இருக்கிறா, நான் சென்னையில் நின்று இன்னொரு இடத்தை ஊர் என்று கத்துகிறேன். வெட்கமாக இருந்தது. யாரைப் பார்த்து வெட்கம் என்று தெரியவில்லை. மேலாளர் போனை வைத்துவிட்டு, "ஓகேவாம், விடுங்க," என்றார். அவ்வளவுதான்.

புதன் மாலை ஜேர்மனியில், டுசில்டோர்வ் விமான நிலையத்தில் இறங்கினேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பொலிஸ்காரன் புத்தகத்தைக் கருவியில் வைத்து எடுத்தான். பத்துச் செக்கன்கூட ஆகவில்லை.

"இது நாளைக்கு முடிகிறது," என்றான்.

"தெரியும்."

"புதியது ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்."

நான் சிரித்த சிரிப்பில் அவன் நிமிர்ந்து பார்த்தான். ரயிலைப் பிடித்து வீட்டுக்குப் போனேன்.

வியாழக்கிழமை தங்கை வீடியோவில் அழைத்தாள். போனை அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். முகம் சின்னதாகிப் போயிருந்தது.

"உன்ர புத்தகம் முடிஞ்சுதோ?" என்று கேட்டா.

"இண்டையோடை முடியுதம்மா."

"அப்ப நான் வெண்டிட்டன்," என்றா.

வெள்ளிக்கிழமை காலை அம்மா போய்விட்டா. என் புத்தகத்தைவிட ஒரே ஒரு நாள் கூடுதல். ஒரு நாள்! அந்தக் கந்தோர் தன் கடமையைச் செய்து புதியதைத் தந்திருந்தால் நான் அவவின் தலைமாட்டில் இருந்திருப்பேன். போனைச் சீனிப் பேணியில் சாய்த்து வைத்துச் செத்த வீடு பார்த்தேன். தங்கை வாய்க்கரிசி போடும்போது, "இது அக்காவின்ரை," என்று சொல்லி இன்னொரு பிடி போட்டாள். அப்போது படம் உறைந்து நின்றுவிட்டது. நான் போனைத் தூக்கிச் சுவரில் அடிக்கப் போனேன். கணவர் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு அவர் நுணலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. காலம் ஆற்றும் என்று கோயிலில் சனம் சொல்லுது. ஆற்றட்டும், அவசரமில்லை. அந்தப் பெண்மணி கெட்டவர் இல்லை என்று எனக்குத் தெரியும். தன் மேசையில் வந்த சொல்லை அவர் வாசித்தார். கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன், மனம் ஆறியிருக்கும்.

மாசியில் ஒரு பக்கக் கடிதம் வந்தது. ஆராய்ந்து பார்த்ததில் என் பாதுகாப்பை விலக்கக் காரணம் எதுவும் இல்லையாம். மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை, அடியில் கையெழுத்துகூட இல்லை. இது இயந்திரத்தில் தயாரானதால் கையெழுத்தின்றியே செல்லுபடியாகும் என்று இருந்தது. கையெழுத்து இல்லாத கடிதம் செல்லுபடியாகிறது, பாருங்கள்.

பிறகு டெர்மின். அதே அறை, அதே பெண்மணி. இந்த முறை அவர் முகத்தில் ஒரு சந்தோசம் இருந்தது. புதிய நீலப் புத்தகத்தைத் திறந்து, படம் சரியா, விவரம் சரியா என்று எனக்குக் காட்டினார். மூன்று வருடம். இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும். நான் கையெழுத்துப் போட்டேன். அவர் புத்தகத்தை இரண்டு கையாலும் எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இனி நீங்கள் போகலாம்," என்றார்.

"எங்கே?" என்று கேட்டேன்.

எனக்கு ஜேர்மன் விளங்கவில்லை என்று நினைத்து, அவர் அதையே இன்னொரு தரம், ஒவ்வொரு சொல்லாக, மெதுவாகச் சொன்னார்.